காபியில் மட்டும்தான்

சாம்பாரில் இல்லை. ரசத்தில் இல்லை. குடத்துத் தண்ணீரில் ஒருநாளும் இல்லை. காபியில் மட்டும்தான். நான் முதல் ஷிப்டுக்குக் கிளம்பும்போது பிளாஸ்கில் ஊற்றி வைத்துவிட்டுப் போகிற காபியில் ஒரு மாத்திரை, சாயங்காலம் போடுகிற காபியில் ஒரு மாத்திரை. பதினோரு மாதம்.

ஒன்பது நாளுக்கு முன்னால் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். "சாம்பார்லயும் போட்டியா?" என்று கேட்டாய். நான் அழுதேன். அழுகையை நீ ஆமாம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். அதற்குப் பிறகு என்னிடம் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. என் குரல் கேட்டால் ஃபேனை அஞ்சில் வைக்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினதை நீ திரும்பத் திரும்பப் படித்துச் சரிபார்க்கலாம். எங்கே பொய் இருக்கிறது என்று கோடு போடலாம். நான் பிளஸ் டூவோடு நின்றவள், உன்னைப்போல டிப்ளமோ படித்தவள் இல்லை. முன்னே பின்னே வரும். பொறுத்துக்கொள்.

இந்த ஒன்பது நாளில் நீ சாப்பிட்டது வாழைப்பழம், முட்டை, சீல் உடைக்காத பாட்டில் தண்ணீர். தோலோ ஓடோ மூடியோ இருக்கிறதை மட்டும். முட்டையை நீயே வாங்கி வந்து நீயே வேகவைக்கிறாய். வேகிற வரைக்கும் அடுப்பைவிட்டு நகர்வதில்லை. முந்தாநாள் நான் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தபோது கொதிக்கிற பாத்திரத்தின் மேல் உள்ளங்கையை விரித்து மூடிக்கொண்டாய். நான் வெளியே போகிற வரைக்கும் எடுக்கவில்லை. அன்றிலிருந்து நீ சமையலறையில் இருந்தால் நான் அந்தப் பக்கம் வருவதில்லை. கைக்கு மருந்து போட்டாயா என்றுகூட என்னால் கேட்க முடியவில்லை. மருந்து என்கிற சொல்லை உன்னிடம் சொல்கிற உரிமை எனக்குப் போய்விட்டது.

ஏன் செய்தேன் என்று நீ கேட்கவில்லை. கேட்காததையும் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் மழைக்காலத்தில், காதில் குரல் கேட்காமலிருக்க டாக்டர் தந்த மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிவைத்துத் துப்ப ஆரம்பித்தாய். எனக்குத் தெரியாது. வாஷிங் மெஷினை நகர்த்திக் கூட்டியபோது பின்னால் பாதி கரைந்தும் கரையாமலும் ஒரு கை நிறையக் கிடந்தது. அதற்கு மறுவாரம்தான் நீ விடியற்காலையில் தண்டவாளத்தோடு வடக்கே நடந்தாய். எளாவூர் தாண்டி ஆரம்பாக்கம் வரைக்கும், செருப்பு இல்லாமல். நீ வேலை செய்த கம்பெனி கேன்டீனில் உன் சாப்பாட்டில் விஷம் வைக்கிறவர்கள் ரோட்டில்தான் வருவார்கள், தண்டவாளத்துக்கு வரமாட்டார்கள் என்று அந்தக் குரல்கள் உனக்குச் சொல்லியிருந்தன. லைன் வேலை செய்கிற ஆட்கள் உன்னை ஓரமாக இழுத்து உட்காரவைத்திருந்தார்கள். நானும் உன் அப்பாவும் போய்ச் சேர்ந்தபோது உன் கால்விரல் இரண்டில் நகம் இல்லை. அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்து, "கட்டியாவது வையிம்மா. ரெண்டு வண்டி இவர உரசிக்கினு போச்சு" என்றார். திட்டிச் சொல்லவில்லை. பயத்தில் சொன்னார்.

உன் அப்பா தடாவில் கம்பெனி ரூமிலேயே தங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறவர். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "மாத்திர உள்ள போனா போதும். எப்டி போனா இன்னா?" பழியை அவர்மேல் போடவில்லை. அவர் சொல்லியிருக்காவிட்டாலும் நான் செய்திருப்பேன். ஸ்பூனில் மாத்திரையை வைத்து இன்னொரு ஸ்பூனால் அழுத்தினால் தூளாகிவிடும். கசப்புத் தெரியாமலிருக்கக் காபித்தூளைக் கூட்டிப் போட்டேன். முதல் நாள் குடித்துவிட்டு, "ஸ்ட்ராங்கா கீதும்மா. இப்டியே போடு" என்றாய்.

அது வேலை செய்தது. இதை மறைத்து எழுதினால் மறுபடியும் பொய்யாகிவிடும். ஆறாவது வாரத்தில் நீயாகவே ஷேவ் செய்துகொண்டாய். டீவியில் காமெடி பார்த்துச் சிரித்தாய். சிரிப்புச் சத்தம் கேட்டு நான் மாவு கையோடு ஓடிவந்து நின்றேன், "இன்னாம்மா, கரன்ட் அட்ச்ச மாரி பாக்கற?" என்று கேட்டாய். பொங்கலுக்கு முந்தின நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து சொன்னாய்: "பாத்தியாம்மா, மாத்திர இல்லாமயே நான் நல்லாயிட்டேன்." நான் தலையை ஆட்டினேன். அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். உன் முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. அதனாலேயே சொல்லவில்லை.

நாலு வயதில் உனக்குப் பூச்சி மாத்திரையை வாழைப்பழத்துக்குள் செருகிக் கொடுத்திருக்கிறேன். கடித்ததும் கண்டுபிடித்துத் துப்பிவிட்டு, பழத்தை விரலால் கிண்டிக்கிண்டிப் பார்த்தாய். நான் சிரித்தேன், நீயும் சிரித்தாய். இருபத்து நாலு வயதில் உனக்கு அதையே செய்தபோது, நீ கண்டுபிடித்தாலும் அப்படித்தான் முடியும் என்று எங்கோ நினைத்திருக்கிறேன். வளர்ந்த ஆளுக்கு இது என்ன செய்யும் என்று யோசிக்கவே இல்லை.

யோசிக்கச் சொல்லி ஒரே ஒருத்தி சொன்னாள். சிஸ்டர். நீ தண்டவாளத்தில் நடந்த பிறகு ஆஸ்பத்திரியில் உன்னைப்போன்றவர்களுடைய அம்மாக்களின் நம்பரை எழுதி வாங்கிக்கொண்டார்கள் இல்லையா, வாரத்துக்கு ஒருமுறை நர்ஸ் போன் செய்வார் என்று. புதன்கிழமை மத்தியானம் இரண்டரைக்கு எனக்கு வருகிற போன் அதுதான். அவள் முகம் எனக்குத் தெரியாது. குரல் மட்டும்தான். ஒருநாள் பின்னால் ரயில் அறிவிப்பு கேட்டது. திருநின்றவூரிலிருந்து வந்து போகிறவள் என்று அப்போது சொன்னாள். உனக்குக் குரல் கேட்கிறது என்றால் இல்லவே இல்லை என்று சண்டை போடாதே, ஆமாம் கேட்கிறது என்றும் சொல்லாதே, பயமாக இருக்கிறதா என்று மட்டும் கேள் என்று சொல்லிக்கொடுத்தவள் அவள். எதிரில் உட்காராமல் பக்கத்தில் உட்காரச் சொன்னவள். நீ எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று தினமும் காலண்டர் தாளில் எழுதச் சொன்னவள். எல்லாம் கேட்டு முடித்துக் கடைசியில், "நீங்க சாப்ட்டீங்களாம்மா?" என்பாள். உனக்கு உடம்பு சரியில்லாமல் போன மூன்று வருஷத்தில் என்னை அப்படிக் கேட்டவர்கள் வேறு யாரும் இல்லை.

அவளிடம்தான் பொய் சொன்னேன்.

இரண்டரை மணிக்கு நான் கம்பெனி பஸ்ஸில் இருப்பேன். ஷிப்டில் போன் லாக்கரில் இருக்கும், வெளியே வந்ததும் எடுப்போம், பஸ் கிளம்பும்போது அவள் போன் வரும். முழுப் பேக்கிங் செக்ஷனும் பஸ்ஸில் இருக்கும். முதல் நாளே பக்கத்து சீட் தனம், "யாருக்கா அது, சிஸ்டரு சிஸ்டருன்ற?" என்று கேட்டாள். எனக்குச் சுகர், அதற்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்கிறார்கள் என்றேன். யோசிக்காமல் வந்தது. அதன்பிறகு சுகர் சிஸ்டர் என்று அவளுக்குப் பேர் ஆகிவிட்டது. "டாண்ணு ரெண்டரைக்கு வருது பாரு. என் ஊட்டுக்காரு கல்யாணம் ஆன புதுசுல கூட இப்டி போன் போட்டதில்ல" என்பாள் தனம். யாருக்காவது பிறந்தநாள், குழந்தை என்று பஸ்ஸில் ஸ்வீட் வந்தால், "அக்காக்குக் குடுக்காதீங்கடி, சிஸ்டர் திட்டும். காராபூந்தி குடுங்க" என்பாள். பதினோரு மாதமாக நான் அந்த பஸ்ஸில் ஒரு லட்டு தின்றதில்லை.

அவள் கேட்பாள்: "தம்பி மாத்திரைய தானாவே எடுத்துப் போட்டுக்கிறாராம்மா?"

"ஆமாங்க சிஸ்டர்."

"தகராறு ஒண்ணும் இல்லயே?"

"இல்லீங்க சிஸ்டர். கரெக்டா போவுது."

பஸ்ஸில் அதற்குமேல் சொல்ல முடியாது. இரண்டாவது வாரம் அவள் தானாகவே சொன்னாள்: "கலந்து மட்டும் குடுத்துடாதீங்கம்மா. நிறைய அம்மாங்க செய்றாங்க, தப்பு சொல்லல, பயத்துல செய்றாங்க. ஆனா தெரிஞ்சுதுன்னா அப்புறம் உங்க கையால பச்சத்தண்ணி வாங்க மாட்டாங்க." சரிங்க சிஸ்டர் என்றேன். அன்றைக்கும் காலைக் காபியில் கலந்து பிளாஸ்கில் ஊற்றி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். பிறகு பலமுறை கேட்டாள், "பஸ் சத்தம் கேக்குதே, எறங்கினதும் கூப்பிடட்டாம்மா?" என்று. வேண்டாம், இப்பவே பேசலாம் என்றேன். தனியாக இருந்தால் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கும். பஸ் எனக்கு வசதியாக இருந்தது. வெட்கத்தால் சொல்லவில்லை என்று என்னையே நம்பவைத்துக்கொண்டேன். வெட்கம் பாதிதான். மீதி, நிறுத்தச் சொல்லிவிடுவாள் என்கிற பயம்.

நான் சொன்னதை அவள் எழுதினாள். தானே போட்டுக்கொள்கிறார். வாராவாரம் அதே வரி. அது உன் ஃபைலுக்குப் போனது.

இப்போது அந்த நோட்டு.

உன் கை நடுங்க ஆரம்பித்தது, தூங்கும்போது தலையணையில் எச்சில் வழிந்தது, உடம்பு ஊதியது. மாத்திரை நிறுத்தியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்த உனக்கு இதெல்லாம் எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை. வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். நீ அளந்தாய். கோடு போட்ட நோட்டு எடுத்து, தேதி, நேரம், என்ன சாப்பிட்டாய், எத்தனை நிமிஷம் கழித்துக் கை நடுங்கியது என்று கட்டம் போட்டு எழுதினாய். தோசை, இல்லை. சாதம், இல்லை. காபி, ஆமாம். பிறகு நாலு நாள் காபியை நிறுத்தினாய். நெஞ்செரிச்சல் என்று என்னிடம் சொன்னாய். அந்த நாலு நாளும் நான் எதிலும் கலக்கவில்லை, பயந்துகொண்டு இருந்தேன். நடுக்கம் குறைந்தது. அதையும் எழுதினாய். ஐந்தாம் நாள் மறுபடி குடித்துப் பார்த்து எழுதினாய்.

அந்த நோட்டோடு டாக்டர் முன்னால் உட்கார்ந்தாய். இரண்டு பஸ் மாறிப் போய், மூன்று மணி நேரம் வரிசையில் காத்திருந்து. "சார், நான் மாத்திர போட்றதே இல்ல. எங்கம்மா காபியில எதோ கலக்கறாங்க. ரீடிங் கீது, பாருங்க" என்றாய். எவ்வளவு மரியாதையாகச் சொன்னாய். டாக்டர் ஃபைலைப் புரட்டினார். தானே போட்டுக்கொள்கிறார், தானே போட்டுக்கொள்கிறார். என்னைப் பார்த்தார். "கலக்கறீங்களாம்மா?"

"இல்ல சார்."

"மாத்திரை போடறாரா?"

"போடறான் சார்."

அவர் நோட்டை மூடி உன்னிடம் திருப்பிக் கொடுத்தார். அவருக்கு வெளியே இன்னும் அறுபது பேர். சாப்பாட்டில் கலக்கிறார்கள் என்கிற சந்தேகம் திரும்பி வந்துவிட்டது என்று எழுதி, பெரிய மாத்திரையாக மாற்றினார். அவர்மேல் குற்றம் இல்லை. ஒரு அம்மா சொல்வதை நம்பினார். திரும்பி வரும்போது பெரியபாளையத்தில் பஸ்ஸுக்கு நின்றோம். நோட்டை நீ மடியில் வைத்துக்கொண்டு, "எங்கயோ தப்பு பண்ணிட்டேன்போல" என்றாய். உன் கணக்கில் தப்பே இல்லை. நான் உனக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தேன்.

அந்தப் பெரிய மாத்திரையையும் காபியில்தான் கலந்தேன். நீ பதினாறு மணி நேரம் தூங்கினாய். காலண்டரில் பதினாறு என்று எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ எழமாட்டாய் என்று கதவைச் சாத்தாமல் ஸ்பூனை அழுத்திக்கொண்டிருந்தேன். நீ நின்றிருந்தாய். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. கத்துவாய் என்று நினைத்தேன். நீ வந்து டம்ளரை எடுத்து, காபியைத் தொட்டியில் ஊற்றி, டம்ளரைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தாய். "அப்ப நான் சொன்னது கரெக்ட்டு" என்றாய். கொஞ்சம் நின்று, மெதுவாக, "அப்ப கேன்டீன்லயும் கரெக்ட்டுதான்" என்றாய்.

இதுதான் நான் உனக்குச் செய்தது. மற்றதெல்லாம் இதற்குக் கீழேதான். மூன்று வருஷமாக உனக்குள் ஒரு குரல், உன் சாப்பாட்டில் கலக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தது. சிஸ்டரும் டாக்டரும் நீயும் சேர்ந்து அது பொய் என்று கொஞ்சம் கொஞ்சமாக நிரூபித்துக்கொண்டு வந்தீர்கள். நான் அதை உண்மையாக்கிக் கொடுத்தேன்.

மூன்று நாள் கழித்துப் புதன்கிழமை. போன் வந்ததும் டிரைவரிடம் சொல்லி பைபாஸ் பாலத்துக்கு அடியில் இறங்கிக்கொண்டேன். லாரிச் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும், "டாக்டர் முன்னாடி அவர் சொன்னப்பவும் இல்லன்னீங்களா?" என்றாள்.

"ஆமா சிஸ்டர்."

"அப்ப இத்தன மாசமா நான் என்னத்தம்மா எழுதினேன்?" குரல் உடைந்திருந்தது. "வாராவாரம் என் கையால எழுதினேனே. அவர் உண்மையச் சொல்லி உக்காந்திருக்காரு, என் எழுத்தக் காட்டி அவர நம்பாம அனுப்பியிருக்காங்க." மன்னிப்புக் கேட்டேன். "எங்கிட்ட கேக்காதீங்க. அவர்கிட்ட சொல்லுங்க. எல்லாத்தயும் சொல்லுங்க, உங்களுக்குச் சாதகமா கொறச்சுச் சொல்லாதீங்க" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு நர்ஸ் ஆனாள். மாத்திரை நின்று எத்தனை நாள், தூக்கம் எவ்வளவு, தனியாகப் பேசுகிறாயா. இரண்டு நாள் சேர்ந்தாற்போல் தூங்காவிட்டால் புதன்கிழமை வரைக்கும் காத்திருக்காதீர்கள், உடனே கூப்பிடுங்கள் என்றாள். இதையும் ஃபைலில் எழுதுவேன் என்றாள். எழுதுங்கள் என்றேன்.

"இனிமே எதுலயும் கலக்கக்கூடாது."

"அவனுக்குத் திரும்ப மோசமானா?"

"மோசமானாலும்."

அதை ஒத்துக்கொள்ளத்தான் எனக்கு ரொம்ப நேரம் பிடித்தது. பாலத்துக்கு அடியில் நின்று, சரி என்றேன். நீ தண்டவாளத்தில் நடந்தது கண்ணுக்கு முன்னால் இருந்தது. அப்படியும் சரி என்றேன். அவளுக்குத் தந்த வாக்கு அது, உனக்கும்தான்.

எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது நீ தலையைச் சாய்த்துக் கேட்பதை நேற்று சாயங்காலம் பார்த்தேன். மூன்று மணி நேரம்தான் தூங்குகிறாய். அது திரும்பி வருகிறது. உனக்கும் தெரிந்திருக்கும். அதனால் இதைச் சொல்லியே ஆகவேண்டும்: காபி உண்மை. கேன்டீன் உண்மை இல்லை. உன் கூட வேலை செய்தவர்கள் யாரும் உன் தட்டைத் தொடவில்லை. ஃபேனுக்குள் யாரும் இல்லை. இதை நீ நம்ப வேண்டும் என்றால் என்னை நம்ப வேண்டும், அதற்கு நான் வழி வைக்கவில்லை. சிஸ்டரிடம் நீயே பேசு. நம்பர் இந்தத் தாளின் பின்பக்கம் இருக்கிறது. அவள் உன்னைப் பற்றி இதுவரைக்கும் ஒரு பொய்யும் எழுதியதில்லை, என்னிடமிருந்து வாங்கியதைத் தவிர.

கடிதம் எழுதுகிற அம்மா புத்தி சொல்ல வேண்டும். எனக்குச் சொல்ல இரண்டுதான் இருக்கிறது. யார் கையிலிருந்து எது வாங்கினாலும் இது என்ன என்று கேட்டு வாங்கு, நான் தந்தாலும். அந்த நோட்டைத் தூக்கிப் போடாதே. அதில் எழுதியது எல்லாமே சரி. மாத்திரை வேண்டாம் என்றால் அதை டாக்டரிடம் அந்த நோட்டைக் காட்டியே சொல். குறைத்துக் கொடு, மாற்றிக் கொடு, கை நடுங்குகிறது என்று சண்டை போடு. இந்தத் தடவை பக்கத்தில் இருந்துகொண்டு "இல்ல சார்" என்று சொல்ல ஆள் இருக்காது. மாத்திரை போடு என்று நான் உன்னைக் கெஞ்சப்போவதில்லை. கெஞ்சாமல் இருப்பது எனக்கு எப்படி இருக்கிறது என்று எழுதவும் மாட்டேன்.

நாளை மறுநாள் வியாழக்கிழமை உன் ரெவ்யூ. நீ வந்தாலும் வராவிட்டாலும் நான் போகிறேன். டாக்டரிடம், அவன் சொன்னது நிஜம், நான் சொன்னது பொய், எழுதியதை அடித்துவிட்டு மாற்றி எழுதுங்கள் என்று சொல்வேன். மாற்றி எழுதியதை உன் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் வா. காலை ஆறரை பஸ். என் பக்கத்தில் உட்கார வேண்டாம்.

அங்கே கடிதத்தை முடித்து, மடித்து அவன் கதவுக்கு அடியில் தள்ளினேன். அவன் எடுக்கிற சத்தம் கேட்கவில்லை. பிறகு சூப்பர்வைசருக்குப் போன் செய்து வியாழக்கிழமை லீவு கேட்டேன். "இன்னாம்மா, சுகர் செக்கப்பா?" என்றார். இல்லை சார், எனக்குச் சுகரே இல்லை, என் மகனை மனநல டாக்டரிடம் காட்டுகிறேன், மூன்று வருஷமாகக் காட்டுகிறேன் என்றேன்.